தாரகைகளும் நம் ஈமானும்



ஜூன் மாதத்தில் இஷா தொழுதபின், சாணார்பட்டி வெட்டவெளியில் நின்று தெற்கே நோக்குங்கள். தாழ்ந்த வானில் இரு தாரகைகள் அருகருகே ஒளிரும். இடப்புறம் இருப்பதே பிரகாசம் மிக்கது. ஆல்பா சென்டாரி என்பர். 'ரிஜ்ல்', அதாவது பாதம் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்த 'ரிஜில் கென்டாரஸ்' என்ற பெயரும் அதற்கு உண்டு.

கண்ணுக்கு அது ஒன்று. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் வால்வெள்ளியைக் கவனித்துக்கொண்டிருந்த ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், தொலைநோக்கி வழியே அது இரண்டு எனக் கண்டார். இரண்டும் சுமார் 80 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. பெரியது நம் சூரியனைப் போன்றதே. சற்றுக் கூடுதல் கனமுடையது. ஸுப்ஹானல்லாஹ்! புள்ளி என்று நாம் நினைத்தது இரு சூரியன்கள்!

அங்கிருந்து ஒளி நம்மிடம் வர நான்கு ஆண்டுகளுக்கு மேலாகிறது. சூரியனை விட்டால் நமக்கு மிக அண்மையிலுள்ள தாரகைக் கூட்டமே இதுதான். ஜோதிடர் சொல்லும் ரோகிணியின் ஒளி வர சுமார் 65 ஆண்டுகள். சித்திரைக்கு சுமார் 250 ஆண்டுகள்.

இப்போது சிந்தியுங்கள். நம்மவர் வீடுகள் சிலவற்றிலும் நிக்காஹ் பேச்சு எழுந்தால், நல்ல மாப்பிள்ளையை விட்டுவிட்டு நட்சத்திரப் பொருத்தம் தேடுகிறார்கள். பெண்ணின் வயது ஏறுகிறது. தாயின் கண்ணீர் வற்றவில்லை. அந்தப் பெண் பிறந்த இரவில் தெரிந்த ரோகிணியின் ஒளி, அவளுடைய தாயே பிறவாத காலத்தில் புறப்பட்டதன்றோ? அது இவளுடைய வாழ்வை எப்படி அறியும்? எப்படித் தடுக்கும்?

ஹுதைபிய்யாவில் இரவு மழை பெய்தது. சுப்ஹு தொழுகைக்குப் பின் நாயகம் (ஸல்) அவர்கள், மழையை அல்லாஹ்வின் அருள் என்றவர் அவனை நம்பியவர். தாரகையால் பெய்தது என்றவர் தாரகையை நம்பியவர் என்ற கருத்தை ரப்பின் சொல்லாகவே அறிவித்தார்கள். மழைக்கே இப்படியென்றால், மகளின் வாழ்வுக்கு?

நட்சத்திரங்களே வேண்டாமென்று மார்க்கம் சொல்லவில்லை. தரையிலும் கடலிலும் இருளில் வழியறிய அவற்றை அமைத்ததாகத் திருமறை கூறுகிறது. ஆகவே பிள்ளைகளுக்கு வானைக் காட்டுங்கள், வானநூல் கற்பியுங்கள். வழி காட்டுவது வேறு, விதி எழுதுவது வேறு.

பெண்ணுக்கு வரன் வந்தால் மாப்பிள்ளையின் மார்க்கப் பற்றையும் குணத்தையும் விசாரியுங்கள். பெண்ணின் சம்மதம் கேளுங்கள். இரண்டு ரக்அத் இஸ்திகாரா தொழுது, அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டி முடிவெடுங்கள்.

தாரகைகளைப் படைத்தவனையே நம்பி வாழும் நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.