பழுது பார்த்தல்

ஆவடியில், சி.டி.எச். ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் என் அக்கா மகன் ரிம் பட்டறை வைத்திருக்கிறான். கனரக வாகனத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் 34 வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்ற எனக்கு மாலை வேளைகளில் அங்கே ஒரு ஸ்டூல் உண்டு. சம்பளம் கிடையாது, டீ உண்டு. யாராவது அலாய் வீலைக் கொண்டுவந்து இறக்கினால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்ப்பேன். பழக்க தோஷம். வாடிக்கைக்காரர்களில் சிலருக்கு நான் பார்ப்பது பிடிப்பதில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் ஜாதகத்தை உரக்கப் படிக்கிற கிழவனைப் பார்ப்பது போல என்னைப் பார்ப்பார்கள்.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்து எனக்கு எழுந்த ஒரு பிரச்னையைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன். வாய் திறந்து யாரும் சொல்லாத பொய், பொய்தானா?

அலாய் வீல் அலங்காரத்துக்காகப் பிறந்த வஸ்து அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எழுபதுகளின் ஆரம்பத்தில் நாங்கள் சில பையன்கள் சைக்கிளில் சோழவரத்துக்குப் போய், பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் கார்ப் பந்தயத்தைப் பார்ப்போம். (1990லிருந்து பந்தயத்துக்கு இருங்காட்டுக்கோட்டையில் தனித் தளம் வந்துவிட்டது.) இரும்பல்லாத சக்கரத்தை அங்கேதான் முதலில் கண்டேன். காரின் உடம்பை ஸ்பிரிங் தாங்குகிறது. சக்கரமோ ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. அதைத் தாங்க யாருமில்லை. கனமான சக்கரம் ஒரு மேட்டில் துள்ளினால் திரும்பித் தரையைத் தொட நேரமாகும், அந்த நேரத்துக்கு பிரேக்கும் ஸ்டியரிங்கும் இருந்தும் இல்லாததுதான். லேசான சக்கரம் ரோட்டை விடாமல் போகும். பந்தயக்காரர்கள் மக்னீசியத்துக்கும் அலுமினியத்துக்கும் போனது இதற்காகத்தான். அம்பத்தூர் பாலத்தில் ஊர்ந்து போகிற நமக்கு இந்த லாபமெல்லாம் அநேகமாகக் கிடையாது. நமக்கு அது அழகு மட்டும். ஒரு காரியத்துக்காகப் பிறந்து, காரியம் போன பிறகு அழகாக மட்டும் மிஞ்சிய விஷயங்கள் நம் கவிதையிலும் நிறைய உண்டு. அது வேறு கட்டுரை.

அன்று வந்தது ஒரு செடியா. ஆவடிக்கு மேற்கே திருவள்ளூர் ஆலையில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்ஸுபிஷியோடு சேர்ந்து 1998ல் லான்ஸர் செய்ய ஆரம்பித்தது; 2006ல் செடியா வந்தது. கறாராகச் சொன்னால் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, நாலு கதவு வைத்த வீட்டுக் கார்தான். ஆனால் தேசிய ராலிகளில் ஓடி ஜெயித்த ஜாதி. நம் ஜில்லாவில் பிறந்ததில் அந்தப் பெயருக்கு அதுதான் மிகக் கிட்டத்தில் வந்தது என்பது என் அபிப்பிராயம். இன்று அதே ஆலையிலிருந்து சித்ரோன் கார்கள் வருகின்றன. செடியா நின்று பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

ஓட்டி வந்தவன் இருபத்தைந்து வயதுப் பையன். கார் அவன் அப்பாவினுடையது. அப்பா போய் ஒரு வருஷம். நாலு ரிம்மும் ஓரம் தேய்ந்து, வார்னிஷுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தன. "அப்பா எடுத்த அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கிக் குடுங்க சார்" என்றான். கடையில் வேறு ரிம் காட்டினோம். வேண்டாம், இதுவேதான் வேண்டும் என்றான்.

வேலை இப்படி நடக்கும். டயரைக் கழற்றி, பழைய பெயிண்ட்டை மருந்து போட்டு உரித்து, அரித்த இடங்களை மண் பீச்சிச் சுத்தம் செய்து, லேத்தில் சுழலவிட்டுப் பென்ட் எடுத்து, தேய்ந்த ஓரத்தை ஆர்கான் வெல்டிங்கில் நிரப்பி ராவி, பவுடர் தூவி அடுப்பில் வைப்பார்கள். முகத்தை லேத்தில் சீவிப் பளபளப்பாக்குகிற ரகமும் உண்டு. ஒவ்வொரு தரம் சீவும்போதும் கொஞ்சம் உலோகம் போகும். ஆகவே ஒரு ரிம்மை இரண்டு மூன்று தரத்துக்கு மேல் புதிதாக்க முடியாது. புதுமைக்கும் கையிருப்பு உண்டு.

மூன்றாவது ரிம்மில், பெயிண்ட் உரிந்ததும், உள்பக்க விளிம்பில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கண்ணுக்கு ஒரு தலைமயிர் ஒட்டியிருப்பது போலத்தான் இருந்தது. தொழிற்சாலைப் பழக்கத்தில் நான் வைத்திருக்கும் இரண்டு டப்பாக்களை எடுத்தேன். சிவப்புச் சாயத்தை அடித்து, கால் மணி பொறுத்து, துடைத்து, மேலே வெள்ளை மாவு போலிருக்கும் இரண்டாவது மருந்தை அடித்தால், விரிசலுக்குள் போய் ஒளிந்திருக்கும் சிவப்பு மெல்லக் கசிந்து மேலே வரும். கட்டை விரல் நீளத்துக்கு ஒரு கோடு வந்தது. எத்தனை வருஷம் பார்த்தாலும் அந்தக் கோடு எழும் விநாடியில் எனக்கு வயிற்றில் ஏதோ செய்யும்.

வெல்டிங் வைத்தால் விரிசல் மூடும். ஆனால் இந்த உலோகத்தின் பலம் அதன் வார்ப்பில் மட்டும் இல்லை. அலுமினியத்தோடு 7 சதவிகிதம் சிலிக்கனும் துளி மக்னீசியமும் சேர்த்து வார்த்து, 540 டிகிரியை ஒட்டிச் சூடாக்கி, நீரில் முக்கி, பிறகு 150, 160 டிகிரியில் மணிக்கணக்காகப் பதப்படுத்துகிறார்கள். அந்தப் பதம்தான் பலம். வெல்டிங்கின் உருக்குச் சூட்டில், ஒட்டிய இடத்துக்கு இரு பக்கமும் அந்தப் பதம் போய்விடும். ஒட்டு நிற்கும், ஒட்டின் பக்கத்து வீடு இளகியிருக்கும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதற்கு மேல் பவுடர், அதற்கு மேல் பளபளப்பு.

பையனிடம் கோட்டைக் காட்டினேன். போனில் படம் எடுத்துக்கொண்டான். தூக்கிப் போடு, வேறு ஒன்று தேடலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒட்டிக் குடுத்துடுங்க சார், நான் மெதுவாத்தான் போவேன்" என்றான். அது அவன் கார், அவன் உயிர், அவனுக்குத் தெரியும். இதுவரை தார்மிகமாக எந்தச் சிக்கலும் இல்லை என்றுதான் அன்று நினைத்தேன்.

இந்த இடத்தில் நம் பாஷை எனக்கு உதவுகிறது. உடைந்ததைச் சரிசெய்வதற்கு நாம் வைத்திருக்கும் வார்த்தை பழுது பார்த்தல். சரிசெய்தல் அதில் இல்லை. பார்த்தல் இருக்கிறது. நோயைப் பார்ப்பது போல, பழுதைப் பார்ப்பது. மற்றது புதுப்பித்தல். அதில் பழுது என்ற சொல்லுக்கே இடமில்லை. முன்னதில் பழுது முதலில் வெளியே வருகிறது. பின்னதில் முதலிலேயே மறைகிறது. அக்கா மகனின் போர்டில் இரண்டாவது வார்த்தைதான் எழுதியிருக்கிறது. அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். முதலாவதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

அவனோடு இதைப் பல மாலைகள் விவாதித்திருக்கிறேன். "மாமா, பொங்கலுக்கு வெள்ளை அடிக்கிறாங்க. சுவத்துல இருக்கிற விரிசலைச் சொல்லிட்டா அடிக்கிறாங்க? நீங்க தலைக்கு டை அடிக்கிறீங்களே, அது?" என்பான். லேசான வாதம் இல்லை. பூச்செல்லாம் பொய் என்று எடுத்துக்கொண்டால் உலகத்தில் ஒரு சுவரும் நிற்காது. தேய்ந்த ஓரத்தை மூடினால் யாருக்கு என்ன நஷ்டம்? என் நரை தெரியாததால் யாரும் குப்புற விழப்போவதில்லை. ஆனால் பூச்சுக்கு அடியில் இருப்பதன் மேல் வேறொருவன் தன் பாரத்தை வைக்கும்போது கணக்கு மாறுகிறது. புதிதாகத் தெரிகிற சக்கரம், தனக்கு ஒன்றும் நேரவில்லை என்று சொல்கிறது. சொல்கிறவன் யார் என்று கேட்டால் சக்கரத்துக்கு வாயில்லை, பட்டறைக்காரன் பெயிண்ட் அடித்தான், சொந்தக்காரன் கேட்டதைப் பெற்றுக்கொண்டான். வாக்கியம் இருக்கிறது, எழுவாய் இல்லை. எழுவாய் இல்லாத வாக்கியத்துக்கு யார் ஜவாப்தாரி?

மறைப்பதே பாவம் என்று முடிவு கட்டத்தான் எனக்கும் ஆசை. அதைக் கெடுத்தது திருமுல்லைவாயில். ஆவடிக்கு முந்தின ஊர். அங்கே மாசிலாமணீசுவரர் கோயிலில், முல்லைக் கொடியை வெட்டிய தொண்டைமானின் வாள் கொடிக்கு அடியிலிருந்த லிங்கத்தின் மேல் பட்டுவிட்டது என்பது தலபுராணம். அந்தக் காயத்துக்காக வருஷம் முழுக்க மூலவருக்குச் சந்தனக் காப்பு. சித்திரை சதயத்தில் பழைய காப்பைக் களைந்து புதிது சாத்துகிறார்கள். அப்போதுதான் மேனியைப் பார்க்கக் கிடைக்கும். வெட்டுப்பட்ட சுவாமிக்குப் பெயர் மாசு இல்லாத மணி. எனக்குப் பெரிய பக்தி கிடையாது, ஆனால் இந்த ஏற்பாட்டை நினைத்து ஆச்சரியப்படாமல் இருக்க முடியவில்லை. அங்கேயும் காயத்தின் மேல் பூச்சுதான், வாசனையோடு. ஆனால் அடியில் காயம் இருக்கிறது என்று பூ விற்கிற பாட்டியிலிருந்து எல்லோருக்கும் தெரியும். கதை வெளியே சுற்றிக்கொண்டிருக்க, காயம் மூடியிருக்கிறது. எங்கள் பட்டறையில் காயத்தோடு கதையையும் சேர்த்து மூடுகிறோம்.

தொழிற்சாலையில் கதைக்கு ஒரு காகிதம் உண்டு. ஓவர்ஹாலுக்கு வரும் டாங்க்கோடு அதன் சரித்திரமும் வரும். எதைக் கழற்றினோம், எதை மாற்றினோம், யார் பார்த்தார் என்று கையெழுத்தோடு. அந்தக் காகிதங்களை நாங்கள் சபித்துக்கொண்டேதான் நிரப்பினோம். அந்தக் காகிதத்துக்கு என்ன அர்த்தம் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது. ரிம்முக்குக் காகிதம் கிடையாது. வாங்குகிறவனுக்கு இருப்பது கண் மட்டும். சட்டி வாங்கும்போது விரலால் தட்டி ஓசை கேட்பார்களே, டயர் மாட்டிய சக்கரத்தில் அதுவும் முடியாது. ஆகவே அந்த விரிசலின் சரித்திரம் தங்கியிருந்த இடங்கள் மூன்று: பையன், அக்கா மகன், நான்.

வேலை முடிந்து ரிம் அடுப்பிலிருந்து வெளியே வந்த அன்று, ஒட்டின் மேல் உள்பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்புப் பட்டை ஒன்று அடித்துவிட வேண்டும் என்று சொன்னேன். தொழிற்சாலையில் சந்தேகத்துக்குரிய உருப்படிக்கு அப்படித்தான் செய்வோம். டயரைக் கழற்றும் எந்த மெக்கானிக்கும் என்னவென்று யோசிப்பான். அக்கா மகன் சிரித்தான். "காசு வாங்கிட்டு நாமே கறை பண்றதா மாமா?" டப்பாவும் பிரஷும் என் கையில் இருந்தன. நான் அடிக்கவில்லை.

அவன் தடுத்ததால் அடிக்கவில்லை என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு, அப்பாவின் சக்கரத்தைப் பார்க்கும்போது பையனின் முகம் வாடக்கூடாது என்ற இரக்கம் என்று மாற்றிக்கொண்டேன். இரண்டும் ஓரளவு நிஜம். ஆனால் அந்த ரிம் அழகாக இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி ராவ வைத்தது. அந்தப் பட்டறையில் அதுவரை அப்படி ஒரு வேலை இறங்கியதில்லை. அதன் மேல் சிவப்பை இழுக்க எனக்கே மனசு வரவில்லை. 34 வருஷம் மற்றவர்கள் வேலையில் கோடு கிழித்தவன், தன் வேலை என்று வந்ததும் பிரஷை டர்பன்டைனில் போட்டான்.

எட்டு மாதம் கழித்துப் பையனுக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. காரை விற்றுவிட்டுப் போய்விட்டான் என்று அக்கா மகன் பேச்சுவாக்கில் சொன்னான். நம்பர் வாங்கிப் பேசினேன். பூந்தமல்லிப் பக்கம் பழைய கார் வியாபாரி ஒருவருக்குக் கொடுத்ததாகச் சொன்னான். ரிம்மைப் பற்றிச் சொன்னாயா என்று கேட்டேன். லைனில் கொஞ்சம் மௌனம். "சொல்லணும்னு தோணல சார். பார்க்க நல்லாத்தானே இருந்துச்சு." வியாபாரியிடம் நேரிலேயே போனேன். மாதத்துக்கு எத்தனை கார் கைமாறுகிறது, எதைச் சொல்கிறீர்கள் என்றார். செடியா என்றதும் நினைவு வந்தது. இன்னொரு தரகர் மூலம் போயிற்றாம், ஊர் தெரியாது. அந்த ரிம் சூப்பராக இருந்தது, அதனாலேயே சீக்கிரம் போயிற்று என்றும் சொன்னார்.

இப்போதெல்லாம் ரோட்டில் செடியா அபூர்வம். கண்ணில் பட்டால் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டுவிடுவது என்று வைத்திருக்கிறேன். போன ஐப்பசியில், நல்ல மழை விட்ட மறுநாள், பட்டாபிராம் சிக்னலில் ஒன்று நின்றது. வெள்ளி ரிம், அதே டிசைன். ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டுவிட்டு ஓடி, பின் சக்கரத்தருகே உட்கார்ந்து கம்பிகளுக்கிடையே உள்ளே பார்த்தேன். ஒட்டு இருந்தாலும் வெளியிலிருந்து தெரியாது என்பது எனக்குத் தெரியாததல்ல. உள்ளே சேறு அப்பியிருந்தது. கண்ணாடியை இறக்கி ஓர் அம்மாள், மடியில் குழந்தை, "என்னங்க, டயர்ல காத்து இல்லையா?" என்று கேட்டார். நான் எழுந்து வாயைத் திறப்பதற்குள் சிக்னல் விழுந்து, பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடிக்க, கார் போய்விட்டது.