மலைக்குப் போட்ட மாலை

திண்டுக்கல்லில் மாசி, பங்குனி இரவுகளில் சில சமயம் சிறுமலைச் சரிவில் நெருப்புக் கோடு நெளியும். "மலைக்கு மாலை போட்டாற்போல் இருக்கிறதே!" என்று மொட்டை மாடியில் நின்று ரசித்தவன்தான் நானும். 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், காய்ந்த புல்லில் பரவிய தீ மலையேறப் போனவர்களை வளைத்துக்கொண்டது. 23 பேர் மாண்டார்கள். அன்றோடு அந்த அழகு எனக்குக் கசந்துவிட்டது.

மாண்டவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இனிப் போகிறவர்களைத்தான் கேட்கிறேன்: புகையைக் கண்டதும் திரும்பிவிடுவது கோழைத்தனமா? தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். மனிதனுக்கோ மேட்டில்தான் மூச்சு வாங்கும். வந்த செலவு வீணாகிறதே என்று மேலே நடப்பவன் தைரியசாலி அல்ல, வெறும் கணக்குப்பிள்ளை. நம்பிக் கூட வந்தவர்களின் உயிரை அவன் எந்தப் பற்றில் எழுதுவான்?

மாடியில் நின்ற எனக்கும் ஒரு கடமை இருந்தது: ரசிப்பதற்கு முன்னால் வனத்துறைக்குத் தகவல் சொல்வது. நான் சொல்லவில்லை.