யாரும் கேட்காத ஊர்

"தனியாவா போறீங்க?" என்ற கேள்விக்கு நம்மிடையே இரண்டு பொருள் உண்டு. ஒன்று அக்கறை, இன்னொன்று சந்தேகம். பெரும்பாலும் இரண்டும் கலந்தே வரும். வேலை நிமித்தமாக டோக்கியோவில் இருந்த இரண்டு வாரங்களில் அந்தக் கேள்வியை என்னிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை. இப்படி யாரும் கேட்காமல் இருப்பது விடுதலையா, கைவிடப்படுவதா?

முதலில் விடுதலையின் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஷிஞ்சுகு ரயில் நிலையத்துக்கு 200க்கும் மேற்பட்ட வாசல்கள். தொற்றுக்காலத்துக்கு முன்பு நாளொன்றுக்கு 30 லட்சத்துக்கும் அதிகமானோர் அதன் வழியே போய்வந்தார்கள். அந்த வெள்ளத்தில் நான் எந்த வாசலில் வெளியேறினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. நான்கு பேராகப் போனால் "அடுத்து எங்க, சாப்பாடு எங்க" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். தனியாகப் போனால் வேறு வழியில்லை, ஊரைத்தான் பார்த்தாக வேண்டும்.

அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. பேட்டை, அதற்குள் பிளாக், அதற்குள் கட்டட எண் என்றுதான் முகவரி. சில இடங்களில் அந்த எண்ணும் வரிசையாக வராது. பதிவேட்டில் எது முதலில் ஏறியதோ அதற்கு முதல் எண். குறுக்குவழி கண்டுபிடிப்பதையே பிழைப்பாகக் கொண்ட மென்பொருள்காரனுக்கு, சுற்றுவழியில் போய்விட்டு யாரிடமும் காரணம் சொல்லாமல் இருப்பதில் ஓர் அற்ப சந்தோஷம். சாப்பாட்டிலும் அப்படித்தான். இச்சிரான் ராமென் கடையில் மெஷினில் சீட்டு எடுத்து, இருபுறமும் தடுப்பு வைத்த இருக்கையில் உட்கார்ந்தால், எதிரிலுள்ள திரைக்குப் பின்னாலிருந்து இரண்டு கைகள் கிண்ணத்தை வைக்கும். பிறகு திரை இறங்கிவிடும். முகமே தெரியாது.

ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கணக்குப் பார்த்தேன். அன்று முழுக்க நான் வாய்திறந்து சொன்னது "சுமிமாசென்", "அரிகாத்தோ" என்ற இரண்டே வார்த்தைகள். பார்த்ததெல்லாம் யாரிடமாவது சொன்னால்தான் பார்த்ததாக ஆகும் போலிருந்தது. சந்தோஷத்துக்கு ஒரு சாட்சி தேவைப்படுகிறது.

இந்தச் சுதந்திரம் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதுமில்லை. இதே ஊரில் பல ரயில் தடங்களில் நெரிசல் நேரத்தில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி ஓடுகிறது. காரணம், கூட்டத்தில் நீளும் கைகள். யாரும் யாரையும் கவனிக்காத இடத்தில் கெட்டவனும் கவனிக்கப்படுவதில்லை.

ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் ஸிம்மல் 1903இல் பெருநகர மனம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எதிர்ப்படும் ஒவ்வொரு முகத்துக்கும் மனத்தைக் கொடுத்தால் மனிதன் சிதறிப்போவான். ஆகவே நகரவாசி ஒருவித ஒதுக்கத்தைக் கவசமாக அணிகிறான். சிற்றூரில் கிடைக்காத சுதந்திரத்தையும் அந்த ஒதுக்கமே அவனுக்குத் தருகிறது என்பது அவர் வாதம். வாதம் சரிதான். ஆனால் அந்தக் கவசத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு என்ன ஆகிறது?

2024இல் ஜப்பானில் தனியாக வாழ்ந்து, தம் வீட்டிலேயே இறந்துகிடந்தவர்கள் 76 ஆயிரத்துக்கும் மேல் என்கிறது அந்நாட்டுக் காவல்துறையின் கணக்கு. முக்கால்வாசிப் பேர் 65 வயதைத் தொட்டவர்கள், கடந்தவர்கள். தனிமைக்கென்று 2021இல் ஓர் அமைச்சரையே நியமித்த நாடு அது. என்னை எதுவும் கேட்காத அதே நாகரிகம்தான் அவர்களில் பலரையும் கேட்காமல் விட்டிருக்கும். எனக்குக் கிடைத்தது இன்பம், அவர்களுக்குக் கிடைத்தது மூடிய கதவு.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? நான் தேர்ந்தெடுத்தேன், அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை என்று சொல்லலாம். அது பாதிப் பதில். என் சட்டைப்பையில் திரும்பும் டிக்கெட் இருந்தது, மூன்றரை மணி நேரம் பின்தங்கிய ஒரு வீட்டில் "சாப்டியா?" என்று கேட்க ஆள் இருந்தது. பயணியின் தனிமை, காத்திருக்கும் ஒருவரை நம்பி வாங்கும் கைமாற்று. அந்த ஒருவர் இல்லாதவருக்கு அதே தனிமை கடனாகவே அழுத்தும்.

அப்படியானால் ஆளுக்கு ஆள் விசாரிக்கும் நம் ஊர்ப் பழக்கமே மேலா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த விசாரிப்பின் கீழ் ஒரு பெண் தனியாக டீக்கடையில் நின்று டீ குடிப்பதே எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத் தெரியும்.

டோக்கியோவில் முக்குக்கு முக்கு 'கோபான்' என்ற சிறு போலீஸ் சாவடி இருக்கிறது. வழி கேட்டால் வரைபடத்தை விரித்துக் காட்டுவார்கள். கேட்காதவரைப் போக விடுவார்கள். அதே சாவடிக் காவலர்கள் அவ்வப்போது தம் எல்லைக்குட்பட்ட வீடுகளின் கதவைத் தட்டி, யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துக் குறித்துக்கொள்வதும் உண்டு. போலீஸ் கதவைத் தட்டுவது எல்லா ஊரிலும் நல்ல செய்தி அல்ல என்பது உண்மை. ஆனாலும் அதில் ஓர் அளவு தெரிகிறது. தெருவில் நடப்பவரைக் கேட்காமல் விடுவது மரியாதை. வெகுநாள் திறக்காத கதவைத் தட்டாமல் போவது மரியாதை ஆகாது. தனியாக ஊர் சுற்றும் இன்பத்தை ருசித்தவருக்கு ஒரு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது: தன் அடுக்ககத்தில் எந்தக் கதவு பல நாளாகத் திறக்கவில்லை என்று தெரிந்துவைத்திருப்பது.