மாற்றிய இயந்திரமும் பழைய கடிகாரமும்

தானியங்கிக் கைக்கடிகாரம் நின்றுபோனால் வழி இரண்டு: இயந்திரத்தைப் பிரித்துக் கழுவி எண்ணெயிடுவது, அல்லது கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துவது. சீகோ (Seiko) 5 கடிகாரங்களில் இருந்த 7எஸ்26 இயந்திரத்தின் இடத்தில் என்எச்36 உட்கார்ந்துவிடும். இரண்டும் மணிக்கு 21,600 முறை துடிப்பவை. புதியதற்குக் கையாலும் சாவி கொடுக்கலாம். முழு சர்வீஸின் கூலியைவிடப் புது இயந்திரம் பெரும்பாலும் மலிவு. கணக்கு அதோடு முடிகிறது. ஆனால் அப்பா கட்டிய கடிகாரம் அதன்பிறகும் அப்பாவின் கடிகாரம்தானா?

இந்தக் கேள்வி பழையது. மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர், சக்கரமோ அச்சோ தேரல்ல, அவற்றின் சேர்க்கைக்கு இட்ட பெயரே தேர் என்றார். நியாயத் தத்துவ மரபோ, உறுப்புகளிலிருந்து வேறான முழுமை உண்டென்கிறது. ஓர் உறுப்பு போனாலும் பழைய முழுமை அழிந்து புதியது பிறக்கிறது. இந்தக் கறாரில் ஒரு திருகாணி மாறினாலே வேறு கடிகாரம்!

கோயில்கள் இதற்கு வேறு விடை தருகின்றன. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயில் 1873இல் தோன்றியது. இன்றைய ராஜகோபுரம் 1968இல் எழுந்தது. கோயில் அதேதான் என்பதில் பக்தர் எவருக்கும் ஐயமில்லை. ஆகம முறையில் அதற்கு வழியிருக்கிறது: திருப்பணிக்கு முன் பாலாலயம் என்னும் தற்காலிகச் சன்னிதி அமைத்து, மூர்த்தியின் சக்தியைக் கும்பத்துக்கோ மரப்பலகையில் எழுதிய உருவுக்கோ மாற்றுகிறார்கள். மூர்த்தியைப் பீடத்தோடு பிணைக்கும், இறுகிப்போன அஷ்டபந்தன மருந்தைச் சுரண்டி, புதிதாக இடித்துச் சாத்துகிறார்கள். கும்பாபிஷேகத்தில் சக்தி திரும்புகிறது. கல்லும் சுதையும் மாறலாம்; இடையில் தொடர்ச்சி அறுவதில்லை.

கடிகாரத்துக்குப் பாலாலயம் கிடையாது. சர்வீஸில் அதே பல்சக்கரங்கள் அதே இடத்துக்குத் திரும்புவதால் தொடர்ச்சி பொருளிலேயே இருக்கிறது. நினைவுக்காக வைத்திருப்பவருக்கு அதுவே பொருத்தம். உதிரி பாகம் கிடைக்காமல் இயந்திரத்தையே மாற்றும்போது தொடர்ச்சியை முகப்பும் வெளிக்கூடும் அணிபவரின் கையும்தான் சுமக்க வேண்டும். பழைய இயந்திரத்தை ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளலாம்.