விசாரித்து வாங்குவது தப்பெண்ணமா?

பிறரைப் பற்றித் தவறாக எண்ணாதே என்று நமது மார்க்கம் போதிக்கிறது. ஏமாந்து போகாதே என்றும் அதுவே போதிக்கிறது. முகமறியாத ஒருவரிடம் பொருள் வாங்கும்போது இவ்விரண்டையும் ஒருங்கே பேணுவது எப்படி? வீட்டில் இருந்தபடியே இணையத்தின் வழியாக ஏலத்தில் பொருள் எடுக்கும் வழக்கம் பல நாடுகளிலும் பரவிவிட்ட இக்காலத்தில், இது ஒவ்வொரு குடும்பத்தாரும் சிந்திக்க வேண்டிய கேள்வி.

ஏலம் என்பது புதிய வியாபாரமன்று. வறுமையால் உதவி நாடி வந்த அன்ஸாரித் தோழர் ஒருவரின் விரிப்பையும் பாத்திரத்தையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாமே ஏலம் கூறி, இரண்டு திர்ஹத்துக்குக் கேட்டவரிடம் கொடுத்தார்கள் என்ற செய்தி ஹதீஸ் நூல்களில் வந்துள்ளது. ஆகவே ஏலம் ஆகுமானதே. ஆனால் வாங்கும் எண்ணமே இல்லாமல், விலையை ஏற்றிவிடுவதற்காக மட்டும் இடையில் புகுந்து கேட்பதை அவர்கள் தடுத்தார்கள். இதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். இணைய ஏலத்தில் விற்பவரே வேறொரு பெயரில் நுழைந்து தம் சரக்கின் விலையை ஏற்றுகிறாரே, அது இந்த நஜ்ஷ்தான். கருவி புதிது, பாவம் பழையது.

கடற்கரையில் மீன் ஏலம் எடுப்பவர் செவுளைத் தூக்கிப் பார்த்த பிறகே விலை கேட்கிறார். இணையத்திலோ சரக்கும் கண்ணெதிரே இல்லை, விற்பவரும் இல்லை. அங்கே நம்பிக்கை ஒன்றே முதல். புகழ்பெற்ற 'ஈபே' ஏலத்தளத்தை 1995-ல் கலிபோர்னியாவில் தொடங்கியவர் பியேர் ஒமிடியார். அதில் முதலில் விலைபோனது பழுதடைந்த ஒரு லேசர் சுட்டி, விலை 14.83 டாலர். அது வேலை செய்யாது என்று முன்பே சொல்லித்தான் அவர் விற்றார். எடுத்தவரிடம், "இது பழுதானது என்று தெரியுமா?" என்று மறுபடியும் கேட்டாராம். பழுதான சுட்டிகளைச் சேகரிப்பதே தம் வழக்கம் என்று அவர் பதில் அளித்தாராம். குறையை மறைக்காமல் சொல்லி விற்பதன்றோ நேர்மையான வியாபாரம்!

வாங்கியவர்கள் விற்றவரைப் பற்றி நற்சான்று எழுதும் முறை 1996-ல் அங்கே வந்தது. திருடர்கள் குறிவைப்பது இந்த நம்பிக்கையைத்தான். "உங்கள் கணக்கு முடக்கப்பட்டுவிட்டது, உடனே இதைத் தொட்டு இரகசியச் சொல்லைக் கொடுங்கள்" என்று ஏலத்தளத்தின் பெயரிலேயே பொய்க் கடிதம் அனுப்புகிறார்கள். தொட்டால் அசலைப் போலவே ஒரு போலிப் பக்கம் திறக்கும். இத்தூண்டில் வேலைக்குத்தான் 'ஃபிஷிங்' என்று பெயர். இவ்வாறு பறித்த கணக்கைக் கொண்டு, பல ஆண்டுகள் நற்பெயர் எடுத்த ஒருவரின் பெயராலேயே இல்லாத பொருளை ஏலம் விடுகிறார்கள். ஏலத்தில் தோற்றவருக்கு, "வென்றவர் விலகிக்கொண்டார், பணத்தை நேரே அனுப்பினால் பொருள் உமக்கே" என்று ஆசை காட்டுவதும் உண்டு.

இந்நிலையில் விற்பவரைத் துருவிக் கேட்டால் அது தப்பெண்ணம் ஆகிவிடாதா என்று நல்ல மனம் படைத்த சிலர் தயங்குகிறார்கள். திருக்குர்ஆனின் 49-வது அத்தியாயமான அல்ஹுஜுராத்தைப் பாருங்கள். அதன் 12-வது வசனம் எண்ணங்களில் பலவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது. அதே அத்தியாயத்தின் 6-வது வசனம், தீயவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரிக்கச் சொல்கிறது. இவற்றுள் முரண்பாடு இல்லை. ஆதாரமின்றி ஒருவரைத் திருடர் என்று உள்ளத்தில் தீர்ப்பளிப்பது தப்பெண்ணம். தீர்ப்பளிக்காமல் கேட்டுத் தெரிந்துகொள்வது விசாரணை. முன்னது முதுகுக்குப் பின்னே புறமாக முடியும். பின்னது முகத்துக்கு நேரே கேட்கப்படும். தராசு முள்ளைப் பார்த்து வாங்குவதால் நேர்மையான கடைக்காரர் கோபிப்பதுண்டா?

வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்துவந்த ஒரு ஸஹாபியைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சொல்லப்பட்டது. அவரை அறிவிலி என்று அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. வாங்கும்போதே 'ஏமாற்று கூடாது' என்று சொல்லிவிடும்படி அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. ஏமாந்தவர் மீது பழி இல்லை, பாவம் ஏமாற்றியவருக்கே. எனினும் பணம் கைமாறுமுன் பாதுகாப்பைத் தேடிக்கொள்வது வாங்குபவரின் பொறுப்பு.

அந்த ஒரு வார்த்தையை இன்று நாம் செயலில் காட்ட வேண்டும். கடிதத்தில் வந்த இணைப்பைத் தொடாமல், தளத்தின் முகவரியை நாமே எழுதித் திறக்க வேண்டும். இரகசியச் சொல்லையும் ஓ.டி.பி. எண்ணையும் யார் கேட்டாலும் கொடுக்கலாகாது. தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னால், விலை எவ்வளவு மலிவாயினும் விலகிவிட வேண்டும். தளம் தரும் பாதுகாப்பு அத்தகைய பணத்துக்குக் கிடையாது. "இப்போதே, இன்றே" என்று அவசரப்படுத்துவதே மோசடியின் முதல் அடையாளம்.

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டில் ஒருவர் ஏமாந்துவிட்டால், "உனக்குப் புத்தி எங்கே போயிற்று?" என்று ஏசாதீர்கள். ஏச்சுக்கு அஞ்சி மறைப்பவர்களால் நேரம் வீணாகிறது. திருடனுக்கு வேண்டியதும் அதுவே. உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். இந்தியாவில் 1930 என்ற தொலைபேசி எண்ணில் முறையிடுங்கள். நம் கையிலுள்ள பொருள் அல்லாஹ் தந்த அமானிதம். அதை எப்படி ஈட்டினோம் என்பதோடு, எவ்வழியில் செலவிட்டோம் என்றும் மறுமையில் கேட்கப்படுவோம்.

பிறரை ஏமாற்றாத நாணயத்தையும், பிறரால் ஏமாறாத விழிப்பையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.