இலையில் இல்லாத கிழங்கு

அப்பாவின் திதிக்கு நாயுடுபுரம் போயிருந்தேன். வாழைக்காய், பாகற்காய், அவரைக்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டைத் துவையல் என்று அம்மா சமைத்திருந்தாள். குழம்பில் மிளகாய் இல்லை, மிளகுதான். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் எதுவும் கிடையாது. கேட்டதற்கு, "இங்கிலீஷ் காய் திதிக்கு ஆகாதுடா" என்றாள். நாற்பது வருஷம் அப்பா குனிந்து விளைவித்ததெல்லாம் இங்கிலீஷ் காய்தான். அதில் ஒன்றுகூட அவருடைய இலையில் இல்லை.

முதலில் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தேன். எங்கள் மென்பொருள் வேலையில் பழைய பதிப்பை அழிக்காமல் பேக்கப்பில் வைத்திருப்போம். திதி இலையும் கிட்டத்தட்ட அதுதான். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வருவதற்கு முந்தைய சமையலறையின் மிச்சம். மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி மூன்றுமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். மிளகாயைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். மிளகுபோல உறைத்த காய்க்கு நம் ஆட்கள் மிளகாய் என்று பேர் வைத்தார்கள். பிறகு அது வெளியிலிருந்து வந்தது என்பதையே மறந்துவிட்டோம். திதி இலை மறக்கவில்லை.

சரி, ஒன்று வந்த வழி அநியாயமானது என்றால் அந்தப் பொருளையும் தள்ளிவைக்க வேண்டுமா?

கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் முதல் வீடுகளைக் கட்டியது 1845இல். அதே வருஷம் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை நோய் தாக்கியது. அடுத்த சில வருஷங்களில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அப்போதும் அங்கிருந்து இங்கிலாந்துக்குத் தானியம் போய்க்கொண்டுதான் இருந்தது. 1876-78இல் சென்னை மாகாணத்தில் பஞ்சம் வந்தபோதும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறியது. அதனால், "வெள்ளைக்காரன் நமக்கு உருளைக்கிழங்கு கொடுத்தான்" என்று யாராவது சொன்னால் என்னால் தலையாட்ட முடிவதில்லை. முதலில், கொடுப்பதற்கு அது அவனுடையதே இல்லை. ஆண்டீஸ் மலைக்காரர்கள் ஆயிரக்கணக்கான வருஷங்கள் பழக்கியெடுத்த பயிர். ஸ்பானியர்கள் அவர்களைக் கேட்டு எடுத்துப்போகவில்லை.

அப்படியானால் கடன் யாருக்கு? அந்த மலையில் பழக்கியவர்களுக்கும், இந்த மலையில் பனியில் நின்று விளைவித்தவர்களுக்கும். எங்கிருந்து வந்தது என்பதை மறக்காமல் இருப்பது நேர்மை. ஆனால் அதை மட்டுமே வைத்து நம்முடையதா இல்லையா என்று முடிவுசெய்தால் அப்பாவின் நாற்பது வருஷம் கணக்கில் வராமல் போய்விடும். 'நம்ம சாப்பாடு' என்று நாம் சொல்வதில் பாதி கப்பலில் வந்தது. மீதிப் பாதி யாரோ ஒருவரின் முதுகுவலி.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "ஒரே ஒரு கிழங்கு வெச்சா என்னம்மா?"

அம்மா இலையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "முறை முறைதான்டா. ஆனா கீழேர்ந்து வந்த இந்த வாழைக்காய எந்தக் காசுல வாங்கினேன்னு நினைக்கிற? உங்கப்பா கிழங்கு போட்ட நிலத்துக் குத்தகைக் காசுலதான்."

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. அன்று அந்த வாழைக்காயை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.