நடமாடும் மரங்கள்



பெத்சாயிதாவில் யேசு ஒரு குருடனைக் கைபிடித்து ஊருக்கு வெளியே அழைத்துச் சென்று, அவன் கண்களைத் தொட்டு, ஏதாவது தெரிகிறதா என்று கேட்டார். மனிதர் தெரிகிறார்கள், ஆனால் மரங்களைப் போல நடமாடுகிறார்கள் என்றான் அவன். ஆண்டவர் மறுபடியும் தொட்ட பின்னரே எல்லாம் தெளிவாயிற்று. மாற்கு மட்டுமே எழுதிவைத்த புதுமை இது. சர்வ வல்லவருக்கு இரண்டாந்தரம் தொடவேண்டி வந்ததேன் என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான்.

இங்கிலாந்தில் ஒருவர் பத்து மாதக் குழந்தையாயிருக்கையில் பார்வையிழந்தார். 52ஆவது வயதில் சத்திரசிகிச்சையால் பார்வை பெற்றார். றிச்சார்ட் கிறெகறி என்ற உளவியல் அறிஞர் அவரை நேரிற் கண்டு ஆராய்ந்து, ஜீன் வலஸ் என்பவருடன் சேர்ந்து 1963இல் எழுதியிருக்கிறார். ஆங்கிலப் பெரிய எழுத்துக்களை அம்மனிதர் உடனே வாசித்தார். குருடர் பாடசாலையில் விரலால் தடவிப் படித்தவை அவை. சிறிய எழுத்துக்களை அங்கே படிப்பிக்கவில்லை. அவற்றைப் பார்த்தும் வாசிக்க முடியவில்லை. கைத்தொழில் உபகரணங்களில் அவருக்கு ஆசை அதிகம். லண்டன் விஞ்ஞான நூதனசாலையில் ஒரு கடைசல் இயந்திரத்தின் முன் நிறுத்தினார்கள். கண் திறந்திருந்தும் அதில் ஒன்றும் விளங்கவில்லை. கண்ணாடிப் பெட்டியைத் திறந்துவிட்டதும், கண்களை இறுக மூடிக்கொண்டு அதை ஆவலோடு தடவினார். பின்பு சற்றுத் தள்ளி நின்று கண் திறந்தார். தொட்டறிந்தேன், இப்போது தெரிகிறது என்றார்!

கண் ஒளியைத்தான் வாங்குகிறது. அதை இன்னதென்று வாசிப்பது மூளை. மூளையின் பார்வைப் பகுதிக்குக் கண்ணிலிருந்து மாத்திரமன்றி, முன்னறிவைச் சேர்த்துவைத்திருக்கும் மற்றைய பகுதிகளிலிருந்தும் செய்தி வந்துகொண்டேயிருக்கிறது. மைம்மல் பொழுதில் ஒழுங்கையின் முனையில் வரும் சைக்கிளைக் கண்டதும் தாய், மகன் வருகிறான் என்கிறாள். அயலவருக்கு அது வெறும் நிழல்.

ஆனால் நாசரேத்தூரார் யேசுவை எவ்வளவு அறிந்திருந்தார்கள்! தச்சன், மரியாளின் மகன், சகோதரர் பெயரெல்லாம் தெரியும். அந்த அறிவே அவர்கள் கண்ணை மறைத்தது. உங்கள் வீட்டில் மொக்கு என்று பெயரெடுத்த பிள்ளை நேற்று என்ன செய்தது என்று பார்த்தீர்களா? பத்து வருடங்களுக்கு முன் குடித்துத் திரிந்தவர் இன்று பூசைக்கு வந்து பின்வாங்கில் இருக்கிறாரே, யார் தெரிகிறார் உங்களுக்கு?

பெத்சாயிதாக்காரனை வீட்டுக்கு அனுப்பும்போது, ஊருக்குள் போகாதே என்றார் ஆண்டவர். வேத விற்பன்னர் இதற்கு வேறு காரணம் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது இது: அந்த ஊரார் அவனைக் குருடனாகத்தானே அறிந்திருந்தார்கள்.